ஜெனிக்குப் பட்டுச்சாரி போட மாட்டேன்

ஜெனி போய்விட்டாள்.

காலையில் கடை ஷட்டரைத் தூக்கும்போது அவளுடைய தம்பி கோல் எடுத்தான். ஐந்து நாள் காய்ச்சல், ஆஸ்பத்திரியில் இருந்தாள்... நேற்றுக்கூட என்னோடு பேசினாள். இன்று இல்லை.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். ஜெனிட்டா, லிந்துலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளை. ஹட்டனில் எங்கள் ஸ்டூடியோவில் ஒன்பது வருஷம் எனக்குப் பக்கத்துக் கதிரை. ஐடி போட்டோ, கல்யாண ஆல்பம், கண்ணீர் அஞ்சலி பெனர்... எல்லாம் நாங்கள் இரண்டு பேரும்தான்.

தம்பி அதே கோலில் பெனரும் கேட்டான்.

"அக்கா, ஒங்க கையாலயே செஞ்சிருங்க. பட்டுச்சாரி, நெக்லஸ் எல்லாம் போட்டு எடுப்பா வைங்க. கொழும்புலருந்து எங்க ஒப்பீஸ் ஆளுங்க வர்றாங்க."

எங்கள் தொழிலில் இது புதிதில்லை. உயிரோடு இருந்தபோது கோட்டைத் தொட்டே பார்க்காத மனுஷனுக்கும், செத்த பிறகு கொம்பியூட்டரில் கோட்டும் டையும் மாட்டி விடுவோம். கழுத்து பொருந்தினால் போதும்.

ஆனால் ஜெனிக்கா...

அவளுக்கு ஒரு கேம் பைத்தியம் இருந்தது. கட்டை கட்டையாக அடுக்கி வீடு, ஊர் எல்லாம் கட்டுகிற ஒன்லைன் கேம். சாப்பாட்டு நேரத்தில் ஒரு கையில் ரொட்டி, ஒரு கையில் மவுஸ்.

இந்த வயதில் கேமா என்று சிரித்தவர்களில் பாதிப் பேர் இப்போது எனக்கு அழுகிற இமோஜி அனுப்புகிறீர்கள். அனுப்புங்கள். நானும் அன்று சிரித்தவள்தான்.

அந்த கேமில் நம்முடைய ஆளின் முகம், உடுப்பு எல்லாவற்றுக்கும் சேர்த்து ஸ்கின் என்று பெயர். அது ஒரு சின்னப் படம், நாமே வரைந்து ஏற்றலாம். ஊர் உலகமெல்லாம் கவசம் போட்ட வீரனாக ஓடிக்கொண்டிருக்க, ஜெனி தன் அம்மாவை வரைந்தாள். தலையில் கூடைக் கயிறு, முதுகில் கொழுந்துக் கூடை, இடுப்பில் உடுப்பு நனையாமல் சுற்றிக் கட்டுகிற படங்குச் சாக்கு.

ஏற்றிப் பார்த்தால் அம்மாவின் தலையைச் சுற்றி ஒரு வெள்ளைப் பெட்டி! முகமும் இல்லை, கயிறும் இல்லை. மூன்று நாள் மண்டையை உடைத்துக்கொண்டாள்.

கடைசியில் கோளாறு கேமில் இல்லை, எங்கள் பழக்கத்தில். ஸ்டூடியோக்காரர்கள் எதையும் ஜேபெக்காகத்தான் சேவ் பண்ணுவோம், பிரின்டுக்கு அதுதான் தோது. ஜேபெக்கில், ஒன்றும் வரையாமல் விட்ட இடமெல்லாம் வெள்ளையாகிவிடும். தலைக்கு மேலே தொப்பிக்கென்று விட்டிருந்த வெற்று அடுக்கும் அப்படி வெள்ளையாகி முகத்தை மூடிவிட்டது. பிறகு கேம் கேட்கிற பிஎன்ஜியாக மாற்றினாலும் அந்த வெள்ளை போகாது.

"இத்தன வருஷமா இந்த வேலையில என்னாத்தடி கிழிச்சோம்!" என்று அவளே சிரித்துவிட்டு முதலிலிருந்து வரைந்தாள்.

அடுத்த பிரச்சினை கை. அந்த கேமில் கைக்கு இரண்டு அளவு, அகலம் ஒன்று, மெல்லிசு ஒன்று. அவள் பார்த்து வரைந்த மாதிரிப் படம் மெல்லிசுக்கு உரியது, தேர்ந்தெடுத்ததோ அகலக் கை. ஓரத்தில் கறுப்புக் கோடு விழுந்தது.

மெல்லிசுக்கு மாற்றினால் ஒரே க்ளிக்கில் சரியாகிவிடும். நான்தான் சொன்னேன்.

"எங்கம்மா கை மெல்லிசா? ஒரு நாளைக்கு வந்து அந்தக் கையப் புடிச்சுப் பாரு, தெரியும்."

மாற்றவில்லை. இரண்டு கையையும் கட்டம் கட்டமாகத் திரும்ப வரைந்தாள்.

பிறகு ஒரு போட்டி வந்தது. அவளைச் சேர்த்துக்கொண்ட டீமின் லீடர், எல்லோரும் ஒரே மாதிரி கறுப்பு சூட் ஸ்கின்தான் போட வேண்டும் என்றான். சரி, அதுகூடப் பரவாயில்லை. "அந்தக் குப்பக் கூடைய கழட்டிட்டு வாங்க" என்றான். மற்றவர்கள் சிரித்தது ஸ்பீக்கரில் கடை முழுக்கக் கேட்டது.

"ரெண்டு மணி நேரந்தானே, போட்டுக்கிட்டு வெளயாடேன்டி" என்றேன் நான். இதை எழுத எனக்கு வெட்கமாக இருக்கிறது.

ஜெனி மைக்கை ஒன் பண்ணினாள். "தம்பி, நீங்க காலையில குடிச்சது இந்தக் கூடையில வந்ததுதான். கழட்ட மாட்டேன். ஒங்க டீமும் எனக்கு வேணாம்."

தனியாகச் சேர்ந்தாள், கூடையோடு. கடைசி இடம். தோற்றுவிட்டு அவ்வளவு சந்தோஷமாக ரொட்டி சாப்பிட்ட ஆளை நான் பார்த்ததே இல்லை.

"நாம ஊருக்கே கோட் மாட்டி விடுறோமே, அது மட்டும் சரியா?" என்று அன்று அவளைச் சீண்டினேன்.

"அது அவங்க கேட்டு வாங்குறது. இத நான் கேக்கல."

இன்று பதினொரு மணிக்குத் தம்பிக்குக் கோல் எடுத்தேன். சாரி போட மாட்டேன் என்றேன். என்னிடம் இருப்பது கடைக் கவுன்டரில் நான் எடுத்த படம், அதைத்தான் போடுவேன் என்றேன்.

"என்னாக்கா இது, செத்த வீட்டுல மரியாத வேணாமா? நான் வேற கடையில செஞ்சுக்கிறேன்."

"செஞ்சுக்க. ஆனா பெனருக்குப் பெருசாக்குற மாதிரிப் படம் என்கிட்ட மட்டுந்தான் இருக்கு. நான் தர மாட்டேன்."

ஆமாம், செத்த வீட்டில் சண்டை பிடித்தேன். யார் என்ன நினைத்தாலும் நினைத்துக்கொள்ளுங்கள்.

தம்பி போனை யாரிடமோ கொடுத்தான். பிறகு போனில் அவளுடைய அம்மா வந்தார். அழுது அழுது குரலே இல்லை.

"அந்தப் படத்துல அவ என்னம்மா உடுத்திருக்கா?"

"நீல டீ-சேர்ட்டும்மா. சிரிக்கிறா."

"அப்ப அதையே போடு. சாரி கட்டச் சொன்னா என்கூட சண்டைக்கு வருவா அவ."

பெனர் இப்போது பிரின்ட் ஆகிக்கொண்டிருக்கிறது. ஆறடி. கலைந்த முடியைச் சீவவில்லை, நிறத்தை வெளுக்கவில்லை. கன்னத்தில் ஒரு பரு... யார் படம் வந்தாலும் முதலில் நாங்கள் அழிப்பது அதைத்தான். அழிக்கவில்லை.

யாருக்காவது குறை இருந்தால் கமெண்டில் எழுத வேண்டாம். கடைக்கு வாருங்கள், நேரில் பேசுவோம்.

போயிட்டு வாடி ஜெனி... நீ நீயாத்தான் போற.