கடைசிப் பெஞ்சு வரை

காலியாகக் கிடந்த வேதக்கோயிலில் மறுபடியும் கைதட்டிவிட்டு, ஓசை அடங்கும்வரை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன். கட்டடங்களின் ஒலியை ஆராய்கிறவனுக்கு வேறு யாரும் கைதட்டுவதில்லை. அவனேதான் தட்டிக்கொள்ள வேண்டும்.

வளைவுக் கூரை

நாகர்கோவிலில் நான் பௌதிக வாத்தியாராக இருந்த சமயம். பக்கத்து ஊரில் புதிதாகக் கட்டிய கோயில் அது. கல் சுவர், வழவழப்பான சுண்ணாம்புப் பூச்சு, வளைவுக் கூரை. பாதிரியார் சொன்ன வார்த்தை அடங்குவதற்குள் அடுத்த வார்த்தை வந்து அதன்மேல் விழும். கடைசிப் பெஞ்சில் உட்கார்ந்து பிரசங்கம் கேட்ட உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

முழக்கத்துக்குக் காரணம் கூரைதான் என்று அதை இடித்துவிடச் சபையார் தீர்மானித்திருந்தார்கள்; அதற்குமுன் ஒருமுறை பார்க்கச் சொல்லி என்னை அழைத்திருந்தார்கள். இடித்தால் அதைக் கட்டிய கொத்தனார் செல்லையாவை அந்தத் தாலுகாவில் இனி யாரும் வேலைக்குக் கூப்பிட மாட்டார்கள். அவர் என் பின்னாலேயே நடந்துகொண்டிருந்தார். நான் சுவர், எதிரொலி என்று, கோயில் காரியங்களைக் கவனித்துவந்த டீக்கனிடம் நீளமாகச் சொன்னேன். பொறுமையாக நின்ற டீக்கன் கடைசியில் சொன்னார்: "சார் சொன்னதும் எனக்குக் கேக்கல்ல. வெளிய வந்து சொல்லும்."

அறுப்புப் பண்டிகை

ஜனங்கள் காணிக்கையாகக் கொண்டுவந்த நெற்கட்டுகளைச் சுவரோரம் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தார்கள். வெளியே மழை, அதனால் காணிக்கைகளின் ஏலமும் உள்ளேயே நடந்தது. முதலில் ஒவ்வொருவர் கூறிய விலையும் தெளிவாகக் கேட்டது. கட்டுகள் ஏலம் போய் ஒவ்வொன்றாக வெளியேற, ஆட்கள் அப்படியே இருந்தும், பழைய முழக்கம் திரும்பிவந்தது. குற்றம் வெறும் சுவரில் என்று எனக்கு நிச்சயமாயிற்று.

கடைசியாக ஒரு பூசணிக்காய். கேட்டவர் ஒருவர்தான். தன் குரலே சுவரில் பட்டுத் திரும்பியதை யாரோ போட்டிக்கு வருவதாக நினைத்து, விலையை அந்நாள் திருவிதாங்கூர்க் காசில் சக்கரம் சக்கரமாக ஏற்றிக்கொண்டே போனார். காயைத் தூக்கிக்கொண்டு திரும்பியவர் கேட்டார்: "எனக்கு எதிரா கேட்டது ஆருலே, சுவரா?"

கயிற்றுப் பாய்

சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி, கனமான கயிற்றுப் பாய்களைத் தொங்கவிடச் சொன்னேன். கோயிலைக் கயிற்றுக்கடை ஆக்கப் பார்க்கிறேன் என்று பேச்சு வந்தது. டீக்கன் ஒரே ஒரு ஞாயிற்றுக்கிழமைக்குச் சம்மதித்தார். கடைசிப் பெஞ்சில் அவரே உட்காருவார்; பிரசங்கம் விளங்காவிட்டால் திங்கட்கிழமை கடப்பாரை. பாய்களுக்கான சட்டங்களைக் கொத்தனாரே ஏணியில் ஏறி அடித்தார்.

அன்று பாதிரியார் வழக்கம்போலத் தொண்டையைக் கனைத்துக்கொண்டு உரக்கத் தொடங்கினார். இரண்டு வாக்கியத்தில் அவருக்கே சந்தேகம் வந்து குரலைத் தாழ்த்தினார். பிறகும் தாழ்த்தினார். பின்வரிசையில் யாரோ வேதப்புத்தகத்தின் பக்கத்தைத் திருப்பியதுகூட எனக்குக் கேட்டது. ஆராதனை முடிந்ததும் டீக்கன் என்னிடம் வந்தார்: "ஒரு சொல் விடாம கேட்டுது சார். இனி கடைசிப் பெஞ்சில ஒருத்தனும் உறங்க முடியாது."

ஒரு கட்டடத்தை ஜெயித்ததற்கு அத்தாட்சி, அது நம் பேச்சுக்குப் பதில் பேசாமல் இருப்பதுதான். நான் உள்ளேயே இருக்க, மற்ற எல்லோரும் வாசலில் பேசிக்கொண்டு நிற்கையில், ஏணியை எடுக்க உள்ளே வந்த செல்லையா கூரையை அண்ணாந்து பார்த்து ஒருமுறை கைதட்டினார்; ஓசை உடனே அடங்கியது. பிறகு ஏணியைத் தோளில் வைத்துக்கொண்டு பக்கத்துக் கதவு வழியாகப் போனார்.