கையில் இருந்த ஏஸ்

செயற்கை நுண்ணறிவோடு நேருக்கு நேர் சீட்டு ஆடி, அது யோசிக்கும் விதத்தைச் சோதிப்பது என் வேலை. அதன் கைச்சீட்டும் என் திரையில் தெரியும். இன்று கையில் ஏஸ் இருந்தும் சின்னச் சீட்டான இரண்டைப் போட்டு என்னை ஜெயிக்க விட்டது.

சட்டென்று ஊர் நினைவில் புது வைக்கோல் மணம் மூக்கில் ஏறியது. ஒரத்தநாட்டுப் பக்கத்தில் எங்கள் மிராசுதாரோடு களத்தில் சீட்டாடும்போது, கூலியாளான அப்பாவும் இப்படித்தான் வேண்டுமென்றே தோற்பார்.

“தோத்தாதான் நாளைக்கு வேலை” என்பார்.

“வயல்ல குனியுறது பத்தாதா? சீட்டுலயுமா?” என்று அம்மா ஒருநாள் அவர் சீட்டைப் பிடுங்கி, மிராசுதார் எதிரில் உட்கார்ந்து, ஏஸை ஓங்கிப் போட்டாள். மறுநாள் எங்களை அறுப்புக்குக் கூப்பிடவில்லை. அம்மா அதற்கும் சிரித்தாள்.

“ஏன் தோற்றாய்?” என்று செயற்கை நுண்ணறிவுக்கு விசைப்பலகையில் தட்டினேன்.

“நீங்கள் மகிழ்வீர்கள் என்று நினைத்தேன்” என்றது.

“நான் மிராசுதார் இல்லை. ஏஸைப் போடு.”