ரத்னா கொழும்புக்குப் போன கதை

வாரா வாரம் எங்கள் வீட்டுக்கு வந்த பத்திரிகையை முதலில் பிரிக்கும் உரிமை சித்தப்பாவுக்குத்தான். கீரமங்கலத்தில் பஸ் நிற்கும் இடத்தில் வாங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தபடியே தொடர்கதையைப் படித்து முடித்துவிடுவார். அதனால் இரண்டு முறை வாய்க்காலில் விழுந்திருக்கிறார். பத்திரிகை நனையவில்லை என்பதைப் பெருமையாகச் சொல்வார்.

அந்தத் துப்பறியும் கதைகளை எழுதியவரை எங்கள் வீட்டில் யாரும் பெயர் சொல்லிக் குறிப்பிடுவதில்லை. "நம்மாளு" என்றால் அவர்தான். சென்னையில் எங்கோ இருந்த அவருக்கு, இப்படி ஒரு சொந்தம் கீரமங்கலத்துப் பக்கம் இருப்பது தெரிந்திருக்காது.

சித்தப்பா படித்ததும் பத்திரிகை அம்மாவிடம் போகும். பிறகு கதை வந்த பக்கங்களை மட்டும் பிரித்தெடுத்து வரிசையாக அடுக்கி வைப்பது என் வேலை. கதை முடிந்ததும் கோணி ஊசியால் தைத்துக் காலண்டர் அட்டை போட்டால் புத்தகம் தயார். நான் அப்போது மூன்றாம் வகுப்பு. பக்க எண்ணைப் பார்த்து அடுக்குவதோடு சரி, கதையைப் படிக்கும் அளவுக்கு வாசிப்பு ஓடாது.

எங்கள் வீட்டில் நம்மாளுக்கு இன்னொரு பெரிய ரசிகர் மாமா, அம்மாவின் அண்ணன். கறம்பக்குடிப் பக்கம் தனியாக இருந்து விவசாயம் பார்த்துவந்தார். சந்தைக்கு வரும் சனிக்கிழமைகளில் எங்கள் வீட்டில்தான் மதியச் சாப்பாடு. அவருக்குக் கையெழுத்துப் போட மட்டும்தான் தெரியும். அதனால் சாப்பிட்டு முடித்ததும் அம்மா அந்த வாரக் கதையை உரக்க வாசிப்பாள். மாமா கடலை உரித்துக்கொண்டே கேட்பார். முதல் நாளே அம்மா கதையை ஒருமுறை தனக்குள் படித்துவைத்துக்கொள்வாள். திக்காமல் வாசிப்பதற்காக என்று நான் நினைத்திருந்தேன்.

'வெள்ளைக் குடை' என்ற கதை வந்துகொண்டிருந்தபோது நான் ஒரு தப்புச் செய்தேன். சித்தப்பா ஒரு வாரம் பத்திரிகையைப் படித்துப் போட்டுவிட்டு ஒரு வேலையாகத் திருவரங்குளம் போய்விட்டார். அம்மா கேட்பதற்குள் நான் கதைப் பக்கங்களைக் கிழித்துக் காத்தாடி செய்து, கண்மாய்க் கரையில் பறக்கவிட்டேன். அடித்த காற்றில் அது தண்ணீருக்குள் போய்விட்டது. அம்மா கேட்டபோது, "இந்த வாரம் கதை வரலையாம்மா. எழுதுறவருக்குக் காய்ச்சலாம்" என்று சொன்னேன். பத்திரிகைகளில் அப்படிப்பட்ட அறிவிப்பு வருவது உண்டு. அம்மா அதை நம்பினாள். மாமாவோ நிஜமாகவே வருத்தப்பட்டு, "மெட்ராசுல யாரு மொளகுக் கசாயம் வச்சுக் குடுக்கப் போறா, பாவம்" என்றார்.

கதை ஒருவழியாக முடிந்தது. ஒரு வாரம் குறைவது தெரிந்துவிடும் என்ற பயத்தில், அடுக்கிய பக்கங்களைத் தைக்காமல், கட்டாகக் கட்டிப் பரணில் மூட்டைக்குப் பின்னால் ஒளித்து வைத்தேன்.

அதற்கு ஒரு மாதம் கழித்து என் தங்கைக்குக் காதுகுத்து வைத்தார்கள். முந்திய சனிக்கிழமை மாமா வந்திருந்தபோது, வழக்கம்போல் நம்மாளைப் பற்றிப் பேச்சு வந்தது.

"அவர் எழுதுனதுலயே மட்டமானது 'ஆறாவது சாவி'தான் மச்சான். சமையக்காரந்தான் கொலைகாரன்னு ரெண்டாவது வாரமே எனக்குத் தெரிஞ்சுபோச்சு" என்றார் சித்தப்பா.

"அதுல ஒரு நாயி வருது பாரு மாப்ளே, அந்த நாயிக்காகவே அதைக் கும்பிடலாம். மட்டமானதுன்னா அது 'ஊமை மணி'. கதை பூராவும் மழை. அந்த இன்ஸ்பெக்டரு ஒரு வேளையாச்சும் காஞ்ச சட்டை போட்டானா?"

"ஒங்களுக்குச் சட்டை காயணும், நாயி வரணும். கதை எப்புடி இருந்தா என்ன!"

இப்படி அவர்கள் முட்டிக்கொள்வதைக் கேட்பதே ஒரு வேடிக்கை. ஆனால் அன்றைக்குச் சண்டை வந்தது, இருவரும் ஒத்துப்போன இடத்தில்தான். எல்லாவற்றிலும் சிறந்தது 'வெள்ளைக் குடை' என்று இருவருமே சொன்னார்கள்.

"அதுல ரத்னா சாகுற கட்டம் இருக்கே, அடடா!" என்றார் சித்தப்பா.

மாமா நிமிர்ந்தார். "யாரு செத்தா?"

"ரத்னாதான்."

"அவ எங்கய்யா செத்தா? கொழும்புக்குக் கப்பல் ஏறிப் போயி, பள்ளிக்கூடத்துல டீச்சரா இருக்கா."

சித்தப்பாவுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "கொழும்பா? டீச்சரா? நீங்க எந்தக் கதையச் சொல்றீங்க? டேய், அந்தக் கட்டை எடுத்தாடா, காட்டிப்புடுறேன்."

நான் வாய் திறப்பதற்குள் அடுப்படியிலிருந்து அம்மாவின் குரல் வந்தது: "அதைக் கறையான் அரிச்சிருச்சு. தூக்கிப் போட்டுட்டேன்."

கட்டு பரணில் பத்திரமாக இருந்தது எனக்குத் தெரியும். அம்மா வேறு எதையோ நினைத்துச் சொல்கிறாள் என்று நினைத்து, தப்பித்தேன் என்று இருந்தேன்.

சித்தப்பா விடவில்லை. "படிச்சவன் நான் சொல்றேன், செத்துட்டா. காதால கேட்டவருக்கு எதுக்கு இம்புட்டு வீம்பு?"

மாமாவின் கையிலிருந்த கடலை அப்படியே நின்றது. "ஆமா, நான் காதால கேட்டவன்தான். வாசிச்சது என் தங்கச்சி. அப்ப அவ பொய்யி வாசிச்சாங்கிறியா?"

"நான் எப்ப அப்படிச் சொன்னேன்?"

"வேற என்ன சொன்ன?"

"அண்ணே, விடுங்கண்ணே" என்று அம்மா வாசலுக்கு வந்து நின்றாள். யார் சொல்வது சரி என்று மட்டும் சொல்லவில்லை.

மாமா துண்டை உதறித் தோளில் போட்டார். "என் தங்கச்சியப் பொய்க்காரின்னு சொன்ன எடத்துல எனக்கென்ன வேலை? தப்புன்னு அவன் சொல்ற வரைக்கும் இந்த வாசப்படிய மிதிக்க மாட்டேன்" என்று போய்விட்டார்.

காதுகுத்து என்றால் பிள்ளை தாய்மாமன் மடியில்தான் உட்கார வேண்டும். அம்மாவுக்கு ஒரே ஒரு அண்ணன்தான். அப்பா நேரில் போய் அழைத்தும் மாமா பிடிகொடுக்கவில்லை. "ஒரு கதைக்காக எம்புள்ள காதுகுத்தக் கெடுத்துறாதடா" என்று அப்பா சித்தப்பாவைத் திட்டினார். "செத்தவளைச் செத்தான்னு சொன்னதுக்கு மன்னிப்புக் கேக்கணுமா?" என்று சித்தப்பா முறுக்கிக்கொண்டார். அம்மா அந்த வாரம் முழுக்க யாரிடமும் சரியாகப் பேசவில்லை. நான் தொலைத்த வாரத்தில்தான் ரத்னா செத்திருக்க வேண்டும், அது மாமாவுக்கு எட்டவே இல்லை, அதனால்தான் இவ்வளவும் என்று எனக்கு உறுதியாகத் தெரிந்துவிட்டது. சோறு இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் குலசாமி கோயிலில் எல்லோரும் கூடினோம். மாமா வந்தார். தோடு, பட்டுப்பாவாடை, பழத்தட்டு எல்லாவற்றையும் கொண்டுவந்து வைத்துவிட்டு வேப்பமரத்தடியில் தள்ளிப் போய் நின்றுகொண்டார்.

"தாய்மாமன் செய்ய வேண்டியதைச் செஞ்சுட்டேன். மடியில வச்சுக்கச் சொல்லாதீங்க."

காது குத்த வந்த ஆசாரி ஊசியைக் கையில் வைத்துக்கொண்டு, "நல்ல நேரம் போய்க்கிட்டு இருக்குங்க" என்று இரண்டு தடவை சொன்னார். தங்கை அழத் தொடங்கினாள். அம்மாவின் முகத்தைப் பார்த்தேன். அதற்கு மேல் தாங்க முடியாமல் ஓடிப்போய் மாமாவின் காலைப் பிடித்துக்கொண்டேன்.

"மாமா, எல்லாம் என்னாலதான்! நம்மாளுக்குக் காய்ச்சலே வரல. நாந்தான் கதையக் காத்தாடி செஞ்சு தண்ணில விட்டுட்டேன். அதுலதான் ரத்னா செத்துருப்பா. அம்மா அதப் படிக்கவே இல்ல!"

சித்தப்பா, "அந்த வாரமா? அதுல எங்கடா, அது கடைசி..." என்று ஆரம்பித்தார். அம்மா அவரைப் பார்த்தாள். சும்மாதான் பார்த்தாள். சித்தப்பா வாயை மூடிக்கொண்டு, மாமாவைப் பார்த்தார், தரையைப் பார்த்தார், தொண்டையைச் செருமினார்.

"ஆமா மச்சான், அந்த வாரம்தான். அதுலயும் தெளிவா எழுதல. ஆத்துல விழுந்தாங்கிற மாதிரி வரும். பொழைச்சிருந்தாலும் பொழைச்சிருப்பா. அண்ணி வாசிச்சதுல தப்பே இல்ல. நாந்தான் அவசரத்துல படிச்சேன்."

"சைக்கிள உருட்டிக்கிட்டே படிச்சா அப்படித்தான்!" என்று மாமா சிரித்தார். "அவ கெட்டிக்காரி. ஆத்துல எல்லாம் சாக மாட்டா." பிறகு குனிந்து என் காதைத் திருகினார். "ஏன்டா மாப்ளே, ஒனக்குக் காத்தாடிக்கு வேற காகிதமே கெடைக்கலியா?"

மாமா வந்து சம்மணமிட்டு உட்கார்ந்தார். தங்கை அவர் மடியில் இருந்து ஊருக்கே கேட்கும்படி அலறினாள். அப்பா விட்ட பெருமூச்சு இன்னும் என் காதில் இருக்கிறது. பொய் சொன்னதற்கு அம்மாவிடம் முதுகு பழுக்கும் என்று காத்திருந்தேன். அம்மாவோ சர்க்கரைப் பொங்கலில் முந்திரியாகப் பார்த்துப் பொறுக்கி என் இலையில் வைத்தாள். நல்ல நாளில் பிள்ளையை அடிக்கக் கூடாது என்று விட்டுவிட்டாள் போலும் என்று நிம்மதியாகத் தின்றேன்.

ஆறாம் வகுப்பு முடிந்த லீவில், பரணிலிருந்து அந்தக் கட்டை எடுத்து நானே படித்தேன். ரத்னா செத்தது நான் தொலைத்த வாரத்தில் இல்லை, கடைசி வாரத்தில். அந்தப் பக்கம் கட்டிலேயே இருந்தது. அதை அம்மா மாமாவுக்கு வாசித்தபோது நானும் பக்கத்தில் உட்கார்ந்து கடலை தின்றிருக்கிறேன். கப்பலும் கொழும்பும் டீச்சர் வேலையும் அச்சில் எங்கேயும் இல்லை. மற்றக் கட்டுகளையும் புரட்டினேன். நம்மாளு ஒவ்வொரு கதையிலும் ஒரு பெண்ணையாவது கொன்றிருந்தார். மாமா கேட்ட கதைகளில் ஒருத்தி கூடச் சாகவில்லை.

மாமாவின் மனைவி, நான் கைக்குழந்தையாக இருந்தபோது, பிரசவத்துக்கு வண்டியில் போனவள் திரும்பவில்லை. வீட்டில் அதைப் பற்றி யாரும் பேசாததால், மாமா எப்போதுமே தனியாக இருந்தவர் என்றுதான் நான் எண்ணியிருந்தேன்.

அந்த லீவில் மாமா வந்தபோது, "நீயே எல்லாத்தையும் படிச்சுப்புட்டியாமே? எது நல்லாருக்கு?" என்று கேட்டார்.

"'வெள்ளைக் குடை' மாமா."

"அவ கொழும்புக்குத்தானே போனா?"

பிள்ளைகளா, பொய் சொல்லாதீர்கள் என்று உங்களுக்கு நூறு தடவை சொல்லியிருக்கிறேன். இனிமேலும் சொல்வேன். ஆனால் அன்றைக்கு நான், "ஆமா மாமா. அங்க ஹெட்மாஸ்டர் ஆயிட்டா" என்றேன். அடுப்படியில் அம்மா சத்தமாகச் சிரித்தாள்.