மச்சாளின் இரண்டு கோடுகள்

ஒரு ஞாயிற்றுக்கிழமை, பூசைக்கு உடுத்த சேலையோடேயே மச்சாள், என் அண்ணாவின் மனைவி, குளியலறைக் கதவைத் திறந்து ஒரு வெள்ளைப் பிளாஸ்டிக் குச்சியை என்னிடம் நீட்டினார். அதில் இரண்டு கோடுகள் சிவந்திருந்தன. மாதவிடாய் நிற்கும் பருவம் வந்துவிட்டதா என்று சிறுநீரில் பார்க்கும் சோதனை அது. துறைமுகத்துக்குப் போகும் வீதியில் நான் வேலை செய்யும் மருந்துக்கடையிலிருந்து நான்தான் கொண்டுவந்தேன்.

“முடிஞ்சுதே, பிள்ளை?”

“ஒருக்காப் பாத்துச் சொல்லேலாது மச்சாள். டொக்டரிட்டக் காட்டுவம்” என்றேன். அவர் காதில் அது விழவில்லை.

மச்சாளுக்கு அப்போது நாற்பத்து நான்கு வயது. இடப்பெயர்விலும் முகாமிலும் பிறகு நோயாளித் தகப்பனின் கட்டிலடியிலும் இளமை கழிந்து, நாற்பத்தொன்றில்தான் என் அண்ணாவைக் கட்டி அன்புவழிபுரத்து வீட்டுக்கு வந்தார். அண்ணா அவரைவிட ஆறு வயது மூத்தவர். அண்ணாவின் அந்த வயதைப் பற்றி எங்கள் வீட்டில் ஒருவரும் கதைத்ததில்லை. மச்சாளுக்கு மாதவிடாய் வரும் ஒவ்வொரு தடவையும் அம்மாவின் முகம் இருண்டுபோகும். நான்கு மாதம் வராமல் நின்றபோது, முதலில் கர்ப்பமா என்றுதான் பார்த்தோம். இரண்டு தடவை பார்த்தும் ஒற்றைக் கோடு, கர்ப்பமில்லை. அந்தக் குச்சிகளை அண்ணாவும் பார்த்திருந்தார்.

அன்று மத்தியானம் துறைமுக வேலை முடிந்து வந்த அண்ணா, குசினிக் குப்பைவாளியில் இந்தக் குச்சியைக் கண்டுவிட்டார். அதைக் கையில் பிடித்தபடி, “ரெண்டு கோடு” என்றார். அப்பாவை அடக்கம் செய்த நாளுக்குப் பிறகு அவர் அழுது நான் பார்த்தது அப்போதுதான். அம்மா சிலுவை போட்டுக்கொண்டார். மச்சாள் என்னைப் பார்த்தார். மருந்துக்கடைக்காரி நான், ஒரு வசனத்தில் சொல்லியிருக்கலாம். நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

கடைசியில் மச்சாளே சொன்னார். “அது பிள்ளைக்குப் பாக்கிறதில்லை. எனக்கு நிக்கப்போகுதோ எண்டு பாத்தது.”

அண்ணா குச்சியை மேசையில் வைத்தார். “தெரிஞ்சுகொண்டுதான் என்னைக் கட்டினனீரோ?” என்று மட்டும் கேட்டார். சத்தம் போடவில்லை. அடுத்த மாதமே புல்மோட்டையில் வேலை தேடிக்கொண்டு போய்விட்டார்.

நான் மச்சாளை டொக்டரிடம் கூட்டிப்போனேன். அந்த வயதில் குச்சி காட்டுகிற ஹோர்மோன் சுரப்பு ஏறும், இறங்கும், ஒரு குச்சியை வைத்து முடிவுகட்ட ஏலாது என்றார் அவர். சில வாரங்களில் மச்சாளுக்கு மாதவிடாய் திரும்பவும் வந்தது. கடைக்கு வந்து, ஆட்கள் போகும்வரை நின்று, என்னிடம் சொன்னார். அண்ணாவுக்கு உடனே சொல்லுவோம் என்று தொலைபேசியை எடுத்தேன்.

“வேண்டாம் பிள்ளை. இண்டைக்கு வந்திட்டுது எண்டு சொன்னா, பிறகு நிண்டிட்டுது எண்டும் நான்தானே சொல்லவேணும். எனக்கு ஏலாது.”

முதலில் வார இறுதிகளில் வந்துகொண்டிருந்த அண்ணா போகப்போக மாதத்துக்கொரு தடவை வந்தார், பிறகு வரவேயில்லை. அங்கே அவருக்கு வேறொருத்தி இருப்பது எங்களுக்குத் தெரியும். அம்மாவும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. இந்த வருடம் அவர்களுடைய மகனுக்கு ஞானஸ்நானம் என்று அழைப்பு வந்தது. அம்மாவும் நானும் போனோம்.

அம்மாவின் சேலையை அழுத்தி மடித்துப் பையில் வைத்தவர் மச்சாள். வாசல்வரை வந்து, “எத்தினை மணிக்குத் திரும்பி வருவியள்? சோறு ஆக்கவேணும்” என்றார். வேறொன்றும் அவர் கேட்கவில்லை.