முந்திரிக்கு இத்தாலியில் என்ன பெயர்

சித்தப்பாவுக்கு உட்கார்ந்த இடத்தில் கால் நிற்காது. எம்.ஏ. முடித்து மூன்று வருடமாக வேலையில்லை. மடியில் தடித்த அகராதியோடு காலாட்டிக்கொண்டே இருப்பார். ஏற்கெனவே இரண்டு இடத்தில் பெண் பார்த்து, தட்டிப்போயிருந்தது. "இதுவும் போச்சுன்னா எனக்குக் கல்யாணமே வேணாம், விட்டுடுங்க" என்று சொல்லிவிட்டுத்தான் பெரம்பலூரில் பஸ் ஏறினார். இந்தத் தடவையாவது முடிய வேண்டுமே என்று எனக்கு ஒரே தவிப்பு. வயது ஒன்பது, வாய் மட்டும் பத்துப் பேருக்குப் போதும்.

உடையார்பாளையத்தில் பெண் வீட்டாருக்கு முந்திரித் தோப்பு. தட்டு நிறைய வறுத்த முந்திரி வைத்தார்கள். "மாப்பிள்ளை என்ன பண்றாருங்க?" என்று கேட்டார் பெண்ணின் அப்பா. என் அப்பா தொண்டையைச் செருமினார். சித்தப்பா காலாட்டினார். அய்யோ, யாராவது வாயைத் திறங்களேன்! பொறுக்க முடியாமல், சித்தப்பா எனக்குச் சொல்லித்தந்ததையெல்லாம் கொட்டிவிட்டேன்.

"இதுக்குப் பேரு வச்சது பிரேசில் காட்டு ஜனங்க. போர்த்துக்கீசியன் அதைக் காஜுன்னான், இங்கிலீஷ்காரன் கேஷ்யூன்னான். பிரெஞ்சுக்காரன் காட்டு ஜனங்க முன்னாடி சொன்ன 'அ'வையும் விடாம, அகாஜூன்னு வேற மரத்துக்கும் வச்சிட்டான். இத்தாலிக்காரன் மட்டும் யார் பேச்சையும் கேக்காம, கிரேக்கத்துலேர்ந்து அனகார்டியோன்னு எடுத்துக்கிட்டான். அதுக்குள்ள இதயம்னு அர்த்தம் இருக்கு. எல்லாம் எங்க சித்தப்பாவுக்குத் தெரியும்!"

"ஒரு பருப்புக்கே இத்தனை ஊரு சுத்துறாரே, பொழப்புக்கு எந்த ஊரு போவாரு?" என்றார் பெண்ணின் அப்பா. கூடம் முழுக்கச் சிரிப்பு. அம்மா என் தொடையைக் கிள்ளினாள்.

காபி கொண்டுவந்த பெண் சிரிக்கவில்லை. தம்ளரை வைத்துவிட்டு, நிமிராமலே, "இதயம் ஏங்க?" என்று சித்தப்பாவைக் கேட்டாள். கொட்டை உடைத்து உடைத்து, ஓட்டிலிருந்து கசியும் காரப் பால் பட்டு அவள் விரல்கள் கறுத்துத் தோலுரிந்திருந்தன. சித்தப்பாவின் கால் நின்றுவிட்டது. அவர் வாயெடுப்பதற்குள், "உள்ள போம்மா" என்றார் அவள் அப்பா. பிறகு எங்களைப் பார்த்து, "சொல்லி அனுப்புறோங்க" என்றார். அப்படிச் சொன்னால் இல்லை என்று அர்த்தம். அது எனக்கே தெரியும்.

பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன். என் வாயால்தானே கெட்டது! சித்தப்பா திட்டவில்லை. ஜன்னலைப் பார்த்தபடி, "அந்தப் பொண்ணு என்ன கேட்டுச்சு?" என்றார். சொன்னேன். அரியலூரில் பஸ் மாறும்போது மறுபடி கேட்டார், மறுபடி சொன்னேன். பெரம்பலூர் வருவதற்குள் மூன்றாம் தடவை: "எப்படிக் கேட்டுச்சு, அதே மாதிரி சொல்லு."

அந்தப் பெண்ணுக்கு எதிரிலேயே உட்கார்ந்திருந்தவருக்குக் காது கேட்காமலா போயிற்று? எனக்கு எரிச்சல் வந்துவிட்டது. "எத்தனை தடவ சொல்றது? போங்க சித்தப்பா" என்று முகத்தைத் திருப்பிக்கொண்டு தூங்கிவிட்டேன்.