மூன்று கட்டைகளில் சிவப்புக் குறி

தங்கைக்கு வயிறு எரிந்தது. சும்மா சொல்லக்கூடாது, நன்றாகவே எரிந்தது.

அக்கா கண்ணாடி பாட்டில் தொழிற்சாலையில் வேலை பார்க்கிறவள். பத்தொன்பது வருடமாக ஒவ்வொரு பாட்டிலையும் சின்னக் குச்சியால் தட்டிக் கேட்பாள். சத்தம் பிசகினால் விரிசல். சிவப்பு மெழுகுப் பென்சிலால் ஒரு பெருக்கல் குறி போட்டு ஒதுக்கிவிடுவாள். பட்டம் இருந்தால்தான் மேற்பார்வையாளர் வேலை என்றார்கள். நாற்பத்து மூன்று வயதில் கல்லூரியில் சேர்ந்தாள். சேர்த்துவிட்டதே அங்கே பியானோ சொல்லிக்கொடுக்கும் தங்கைதான். விருப்பப் பாடம் ஒன்று எடுத்தாக வேண்டும். ஷிஃப்ட் இல்லாத சனிக்கிழமை காலையில் இருந்தது பியானோவுக்குச் சுருதி சேர்க்கும் வகுப்பு ஒன்றுதான்.

"எனக்கும் பாட்டுக்கும் ஏழாம் பொருத்தம். பாஸானா போதும்டி," என்றாள் அக்கா.

போதுமாமே! மூன்றாவது வாரமே வகுப்பு நடத்தும் பேராசிரியர் தங்கையைத் தேடி வந்தார். "உங்க அக்காவுக்கு என்ன காதுங்க அது. முப்பது வருஷத்துல இப்படி ஒருத்தரைப் பார்த்ததில்ல."

தங்கை சிரித்து வைத்தாள். ஆறு வயதிலிருந்து விரல் தேய வாசித்தவளை அந்த மனிதர் ஒருநாளாவது இப்படிச் சொன்னதுண்டா? அக்காவோ ஷிஃப்ட் முடிந்ததும் ஓடிவந்து பியானோவுக்குள் தலையை விட்டுக்கொண்டு கிடந்தாள். மேற்பார்வையாளர் வேலையைப் பற்றி இப்போது மூச்சே இல்லை.

எட்டு வருடம் காத்திருந்து, கல்லூரிக் கச்சேரியில் தனியாக வாசிக்கும் வாய்ப்பு தங்கைக்குக் கிடைத்தது. தான் யார் என்று காட்ட இதைவிட்டால் வேறு நாள் இல்லை. அன்று மாலை மேடையேறிப் பியானோவைத் திறந்தாள். மூன்று கட்டைகளின் மேல் சிவப்புப் பெருக்கல் குறி. பக்கத்தில் அக்கா.

"பழக்க தோஷம், கை தானா போட்டுடுச்சு. அந்த மூணும் பிசகுதுடி. அரை மணி நேரம் குடு, சரி பண்ணிடறேன்."

"பாட்டில் தட்டுற ஆளு எனக்குச் சொல்லித்தர வேணாம். போய் உக்காரு."

அக்கா மேடையை விட்டு இறங்கிப் போனாள். தங்கை கைக்குட்டையால் அழுத்தித் துடைத்தாள். மெழுகு விரலெல்லாம் ஒட்டிக்கொண்டது.

வாசித்தாள். அந்த மூன்று கட்டைகளில் விரல் பட்டபோதெல்லாம் ஒரு நடுக்கம் கேட்டது. இத்தனை வருடம் கேட்காதது இன்றைக்குப் பார்த்துக் கேட்டது. கூட்டத்தில் யாருக்கும் தெரியவில்லை. மூன்றாவது வரிசையில் அக்கா மட்டும் ஒவ்வொரு தடவையும் கண்ணை இறுக்கி மூடினாள். கடைசியில் எல்லாரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். தங்கைக்கு அது காதிலேயே ஏறவில்லை.

மறுநாள் அக்கா வீட்டுக்கு வந்தபோது, தங்கை தன் சொந்தப் பியானோவைத் திறந்து வைத்திருந்தாள்.

"இதையும் தட்டிப் பாரு."

அக்கா தொடவில்லை. "அதை எப்பவோ பார்த்தாச்சு," என்று இழுத்தாள். "பதினொண்ணு இருக்கு. நீ ஆசையா வாசிக்கிறியேன்னுதான் குறி போடல."

பதினொன்று. தங்கைக்கு மறுபடியும் வயிறு எரிந்தது. எரிய எரியவே அக்காவின் பைக்குள் கையை விட்டுப் பென்சிலை எடுத்து, அவளிடம் நீட்டினாள்.