தொட்டிக்குள் ஒரு கங்காணி

“கடலையே கண்ணால பார்த்ததில்ல, கடல் மீனுக்கு வைத்தியம் பார்க்கப் போறாளாம்!”

பூப்பாறையிலிருந்து போடிமெட்டுக்கு ஏறும் சாலையில் இருந்த ஒரு விடுதியின் மேனேஜர் இப்படிச் சொன்னபோது நான் ஏழாம் வகுப்பில் இருந்தேன். அவர் சொன்னதில் பொய்யில்லை. ஏலத்தோட்டத் தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தில் ஒரு வீடு, பள்ளிக்கூடம், அந்த விடுதி, இவைதான் என் உலகம். ஆனால் மேனேஜர் போடிக்காரர். அவர் ஊரிலும் கடல் கிடையாது என்பதை நான் அப்போதே கவனித்து வைத்திருந்தேன்.

அம்மா அங்கே தரை துடைத்தாள். அவள் வேலை முடியும்வரை முன்கூடத்தில் மீன் தொட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதுவேன். எங்கள் குடும்பத்தில் அதற்குமுன் யாருக்கும் வீட்டுப்பாடம் என்ற ஒன்று இருந்ததில்லை. பாக்கெட்டில் வரும் உப்பைக் கரைத்து நிரப்பிய தொட்டி அது. ஆரஞ்சு உடம்பில் வெள்ளைப் பட்டை போட்ட மீன்கள், தட்டையாக ஒரு மஞ்சள் மீன், பாறை இடுக்கில் சிவப்பு இறால்கள், பிறகு விரல் நீளத்தில் ஒரு நீல மீன். நீலம் மற்ற மீன்களை மூலைக்கு விரட்டி, துடுப்பைக் கடிக்கும். அதற்குக் கங்காணி என்று பெயர் வைத்தேன். எங்கள் தோட்டத்தில் ஆட்களை விரட்டி வேலை வாங்கும் கங்காணிக்கும் அதே குணம்தான்.

ஒரு மழைக்காலத்தில் மீன்களின் மேல் ரவை தூவியதுபோல வெள்ளைப் புள்ளிகள் வந்தன. சில நாட்களில் தானாக உதிர்ந்தன. மேனேஜர் சிரித்த முகமாக இருந்தார். பிறகு முன்னைவிட அதிகமாக வந்தன. மஞ்சள் மீன் பாறையில் உடம்பைத் தேய்த்துத் தேய்த்து, கடைசியில் செத்து மிதந்தது.

“தரை தொடைக்கிற லோஷன் கையைத் தொட்டிக்குள்ள விட்டியா?” என்று மேனேஜர் அம்மாவைக் கேட்டார். அம்மா தலையைக் குனிந்து நின்றாள். “இன்னொண்ணு செத்துச்சுன்னா நீ வேலைக்கு வர வேண்டாம்.”

“கை விடலைன்னு சொல்ல வேண்டியதுதானம்மா?” என்று வழியெல்லாம் கேட்டேன். அவள் குடையை என் பக்கம் சாய்த்தாளே தவிர வாயைத் திறக்கவில்லை. எனக்கு அவளை நினைத்து வெட்கமாகவும் கோபமாகவும் இருந்தது.

அம்மாவின் தம்பி தோட்டத்தில் மருந்தடிப்பவர். அந்த மாமாவுக்கு உலகத்தில் எந்த நோயும் ஏலச்செடி நோய்தான். “புள்ளியா? துருசு போட்டாப் போச்சு” என்று, அழுகலுக்குச் சுண்ணாம்போடு கலந்து அடிக்கும் அந்த நீலக் கல்லில் கொஞ்சம் பொட்டலம் கட்டிக்கொண்டு விடுதிக்கே வந்துவிட்டார். தொட்டியில் கொட்டப் போனவரின் கையைப் பிடித்துக்கொண்டேன்.

“ஒரு தூரு செடிக்கு அடிச்சுப் பார்த்துட்டுத்தான மாமா தோட்டத்துக்கே அடிப்பீங்க?”

“பெரிய ஆபீசரு! இவளைப் பள்ளிக்கூடம் அனுப்புனது தப்பாப் போச்சுக்கா” என்றார். ஆனால் வாளியை எடுத்து வந்தார். அப்போதுதான் மேனேஜர் கடலைப் பற்றிச் சொன்னது. மருந்து வாங்கக் கொச்சிவரை போக அவருக்கும் மனமில்லை. வேடிக்கை பார்க்க நின்றார்.

வாளியில் தொட்டித் தண்ணீர், ஒரு பட்டை மீன், வலையோடு வந்துவிட்ட ஓர் இறால். மாமா துருசைக் கரைத்து, தோட்டத்துப் பழக்கப்படி அரிவாள் நுனியை முக்கி எடுத்தார். துருசில் உள்ள செம்பு படிந்து இரும்பு சிவந்தால் மருந்து அதிகம். சிவக்கவில்லை. “பதம் சரி” என்றார். மறுநாள் மீன் நீந்திக்கொண்டிருந்தது. இறால் செத்துக் கிடந்தது. இலைக்கான பதம் இறாலுக்கு ஒத்துவரவில்லை.

“கிளம்புங்க மூணு பேரும்” என்றார் மேனேஜர்.

நான் நகரவில்லை. “மீன் சாகலையே சார். இறால்தான செத்துச்சு? அப்ப மருந்தைத் தொட்டியில ஊத்தக் கூடாது. மீனை வெளிய எடுத்து ஊத்தணும்.” அதோடு நிறுத்தவில்லை: “மீன் செத்தா அப்புறம் அம்மாவைப் போகச் சொல்லுங்க.”

மேனேஜர் வாளி மீனை இன்னொரு முறை பார்த்துவிட்டுத் தலையாட்டினார். மீன்களை எல்லாம் உப்புத் தண்ணீர் நிரப்பிய ஒரு புது டிரம்முக்கு மாற்றி, அதே பதத்தில் துருசு ஊற்றினோம். இறால்கள் தொட்டியிலேயே இருந்தன. டிரம்முக்குள்ளும் கங்காணி கடிக்கத் தொடங்கியதால், அதை ஓட்டைகள் உள்ள காய்கறிக் கூடைக்குள் அடைத்து மிதக்கவிட்டேன்.

“ஏ புள்ள, மீனுக்கே லாக்கப்பா!” என்று மாமா சிரித்தார்.

புள்ளிகள் உதிர்ந்தன, வாரங்கள் போயும் திரும்ப வரவில்லை. மீன்களைத் தொட்டியில் விடுமுன் பாறைகளை எல்லாம் இடம் மாற்றி வைத்தேன். எங்கள் கங்காணியை வேறு டிவிஷனுக்கு மாற்றியபோது, எந்தப் பாதை எங்கே போகிறது என்று தெரியாமல் அவர் காய் எடுக்கும் பெண்களிடம் மரியாதையாக வழி கேட்டதை நான் பார்த்திருக்கிறேன். நீல மீனைக் கடைசியாக விட்டோம். அதுவும் தன் மூலையைத் தேடி அலைந்தது. கடிக்க அதற்கு நேரமில்லை.

தானே குணமாக்கியதாக மேனேஜர் முதலாளியிடம் சொல்லிக்கொண்டார். அம்மாவின் வேலை தப்பியது.

மீன் இல்லாத தொட்டியில், அந்தப் புள்ளிகளை உண்டாக்கிய ஒட்டுண்ணி ஒட்ட இடமில்லாமல் செத்துப்போயிருக்கிறது என்பது கல்லூரியில் படித்தபோதுதான் எனக்கு விளங்கியது. புதிதாக வாங்கிய மீனைத் தனியாக வைத்துப் பார்க்காமல் நேரே தொட்டியில் விட்டால் அந்த நோய் வரும் என்பதும்தான். போன மாதம் பூப்பாறை பஸ் ஸ்டாண்டில் கொச்சி பஸ்ஸுக்குக் காத்திருந்தபோது அம்மாவிடம் இதைச் சொன்னேன்.

“ஆமா, அந்த மழையிலதான் மேனேஜரு புதுசா ஒரு ஜோடி மீனு வாங்கியாந்து அன்னைக்கே உள்ள விட்டாரு” என்றாள். “நான் தொடைச்சுக்கிட்டே பார்த்துட்டுத்தான இருந்தேன்.”

“அப்ப ஏம்மா வாயைத் திறக்கல?”

“திறந்திருந்தா உன்னை அந்த ஹால்ல உட்கார விட்டிருப்பாரா? மழைக்காலத்துல நம்ம லயத்துல கரண்டு எங்க இருந்துச்சு?”

பயந்து நிற்கிறாள் என்று நான் நினைத்திருந்தேன். நான் படிக்கும் இடத்தை அவள் அப்படித்தான் பிடித்துவைத்திருந்தாள்.

பஸ் வந்தது, அம்மா என் பையைத் தூக்கிக் கொடுத்தாள். கொச்சியில் மீன் நோய்கள் பற்றிய மேற்படிப்பில் சேர்ந்து இரண்டு வாரம் ஆகிறது. முதல் நாள் வகுப்பில் எனக்குக் கடைசி வரிசையைக் காட்டினார்கள். மறுநாள் முன்வரிசைக்குப் போய் உட்கார்ந்துவிட்டேன். யாரையும் கேட்கவில்லை.